நடவடிக்கைக் குறிப்பில் இல்லாதது

செய்ததை எழுது, சொன்னதை எழுதாதே
என்பது விதி.
டன்வேல் கர்லிங் சங்கத்துக்குப்
பத்தொன்பது வருடமாய்ச் செயலாளர் நான்.
யார் அழுதார் என்று
ஒரு பக்கத்திலும் இல்லை.

சஸ்காட்சவான், பிப்ரவரி, மைனஸ் முப்பத்து நான்கு.
வெளியே மின்கம்பியில் கட்டிப்போட்ட மாடுகளாய்
வண்டிகள்.
உள்ளே பனித்தளத்து அமோனியா வாசனை,
பதினொரு பேர்.
பதினொன்றுதான் குறைவெண்.
ஒருவர் எழுந்து போனாலும் சங்கம் இல்லை.

சுத்தியல் தொலைந்து மூன்று வருடம்.
மார்லின் காபிக் கோப்பையைத் தட்டினாள்.

ஓரெஸ்ட் கூசிக் எழுந்தான்.
சங்கத்தைக் கலைத்துக்
கட்டடத்தை விற்றுவிட முன்மொழிகிறேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு லூபா வழிமொழிந்தாள்,
சண்டை போடத்தான்.
வழிமொழிந்தால்தானே எதிர்த்துப் பேச முடியும்.

டெல்வின் ஒரு திருத்தம்:
‘விற்க’ என்பதை அடித்து ‘குத்தகைக்கு விட.’
திருத்தத்துக்கு ஒரு திருத்தம்:
‘கோடையில் மட்டும்.’
மூன்றாவதற்கு இடமில்லை.
மனிதர்கள் எவ்வளவு தூரம் தள்ளிப்போடுவார்கள் என்று
விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே ‘நீ’ என்று சொல்லக் கூடாது.
எதுவானாலும் தலைவரைப் பார்த்துத்தான்.
வேலி பகிரும் பக்கத்து வயல்காரனை
‘முன்மொழிந்த உறுப்பினர்’ என்றான் டெல்வின்.
கெட்ட வார்த்தைகூட
மார்லினைச் சுற்றிக்கொண்டு போவதற்குள்
ஆறிவிடுகிறது.

ஒவ்வொரு நவம்பரிலும்
இரவெல்லாம் நின்று நீர் தெளித்து
இந்தப் பனியை வளர்ப்பவன் ஓரெஸ்ட்தான்.
போன வருடம் தோள் போயிற்று.
குழாயைப் பிடிக்க வேறு கை வரவில்லை.
இதை அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் நான் எழுதியிருக்க முடியாது.

திருத்தங்கள் இரண்டும் தோற்றன.
தலைகளை எண்ணினேன்.
ஆறு கை எழும், அவன் கையோடு சேர்த்து.

‘ஆதரிப்பவர்கள்’ என்று மார்லின் தொடங்குகையில்
ஓரெஸ்ட் கோட்டை எடுத்தான்.
வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்,
அதையும் தலைவரைப் பார்த்து.

கதவு. குளிர் ஒருமுறை
உள்ளே வந்து போனது.
ஐந்து நிமிடம். பத்து.
வண்டி கிளம்பும் சத்தம் இல்லை.
ஜன்னல் உறைபனியைச் சுரண்டிப் பார்த்தேன்:
விளக்கில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான்,
கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

ஒழுங்குப் பிரச்சினை, என்றாள் லூபா,
காதில் விழாத குரலில்.

இரவு 9.40. குறைவெண் இல்லை.
தீர்மானம் முடிவாகவில்லை.

ஆள் குறைந்தாலும் அடுத்த தேதி குறிக்கலாம்.
நவம்பருக்கு முன்னால் வேண்டுமா என்று கேட்டாள் மார்லின்.
யாரும் முன்மொழியவில்லை.
டெல்வின் ஒரு கோப்பையில் காபி ஊற்றி
மேலே தட்டு வைத்து மூடி
தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான்.