கம்பி பிடிப்பவள்

பரேல், ஆறாவது மாடி.
ஈயக் கவசத்தைக் காலை எட்டுக்கு மாட்டினால்
மதியத்துக்குள் தோள்பட்டை என்னுடையது இல்லை.
டாக்டர் சப்னிஸ் குழாயைச் செலுத்துவார்,
நான் கம்பியைச் செலுத்துவேன்.
எங்களுக்கு நடுவே மராத்தியில் இரண்டே சொல்:
புடே. ஹளூ.
முன்னால். மெதுவாய்.

இன்று மூன்றாவது ஆள் தளவாய்.
ஆன்டாப் ஹில், பிளம்பர், வயது ஐம்பத்து நான்கு,
பிலிருபின் பத்தொன்பது.
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால்
சம்மதத் தாளை நான்தான் படித்துக் காட்டினேன்.
பித்தநாளத்தில் அடைப்பு என்றதும்
படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.
"எத்தனை இஞ்சு குழாய்?"
இஞ்சு இல்லண்ணே, மில்லிமீட்டர்.
"அடைப்பு எங்க? நேர்லயா, ஜாயிண்ட்லயா?"
ஜாயிண்டில்தான். கணையத்தின் தலைக்குள் புகுந்து
குடலில் இறங்குகிற இடத்தில்.
"அதானே பார்த்தேன்" என்றார்,
"நேர்க் குழாய் என்னைக்கு அடைச்சிருக்கு?"

ஆவுடை சிரிக்கவில்லை.
அவள்தான் முதலில் பார்த்தவள்,
ஸ்டேஷன் படியில் வெயில் அடிக்கையில்
அவர் கண்ணின் வெள்ளையை.
பிறகு ராத்திரியெல்லாம் அரிப்பு.
சீப்பால் முதுகைச் சொறிந்துவிட்டு
சீப்பில் நாலு பல் போயிற்றாம்.
வெளிக்கி வெள்ளைக் களிமண் மாதிரி போகிறது என்பதை
என் காதில் மட்டும் சொன்னாள்.
குர்லாவில் ஒருவர் மந்திரித்து
உச்சந்தலையில் நூல் மாலை வைத்தாராம்.
மாலை நீள நீள மஞ்சள் இறங்குமாம்.
மாலை தொப்புள்வரை நீண்டது.
மஞ்சள் நகத்துக்கும் வந்தது.

வெகுநாளாய் யாரிடமாவது கேட்க நினைத்ததை
அவரிடம் கேட்டுவிட்டேன்.
காமாலைக் கண்ணுக்குக்
கண்டதெல்லாம் மஞ்சள்தானா அண்ணே?
"எவன் சொன்னான்? செவரு வெள்ளையா இருக்கு,
உங்க கவசம் நீலமா இருக்கு.
பாக்கிறவங்களுக்குத்தான் நான் மஞ்சள்."

பல்லுக்கு நடுவே வளையம் வைக்குமுன்
இன்னொன்று கேட்டார்.
"உள்ள வைக்கிறது பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?"
இப்போதைக்கு பிளாஸ்டிக்.
"எத்தனை நாள் வரும்?"
மூணு மாசம்.
"பொறவு?"
சம்மதத் தாளில் அதற்கு வரி இல்லை.
ஸ்கேனில் இருந்த நிழலைப் பற்றி
டாக்டர்தான் பேச வேண்டும், நான் பேசக்கூடாது.
மயக்க ஊசி எனக்காகப் பதில் சொன்னது.

குடலின் வளைவில் அந்தச் சின்னக் காம்பு.
ஒரே வாசல், உள்ளே இரண்டு பாதை.
ஒன்று பித்தத்துக்கு, ஒன்று கணையத்துக்கு.
கணையம் தொட்டாற்சிணுங்கி,
ஆனால் இலையை மூடிக்கொள்ளாது,
தன்னைத்தானே தின்னத் தொடங்கும்.
முதல் முறை கம்பி அந்தப் பக்கம் போனது.
இழுத்துக்கொண்டேன்.
இரண்டாம் முறையும்.
ஹளூ, என்றார் சப்னிஸ். அவர் குரல்
எப்போது தாழ்கிறதோ அப்போது பயப்பட வேண்டும்.
மூன்றாம் முறை விரல் நுனியில்
ஒரு வழுக்கல்.
திரையில் கம்பி ஈரல் பக்கம் ஏறிற்று.
புடே.
சாயம் விட்டதும்
மேலே மொத்தக் குழாய், கீழே நூல், நடுவில்
யாரோ கிள்ளி எடுத்த மாதிரி ஓர் இடம்.
அங்கே பிரஷ்ஷால் நாலு உரசல்,
கண்ணாடிச் சில்லில் தடவி அனுப்பினோம்.
பிறகு அந்த விரலளவு பிளாஸ்டிக்.
உடனே வந்தது பித்தம்,
கரும்பச்சையாய், குழம்பாய்,
ஆறு வாரம் அடைபட்டுக் கிடந்தது.
இந்த அறையில் எவரும் கைதட்டுவதில்லை.
நான் கவசத்துக்குள் மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன்.
அரிப்பு இல்லையாம், தூங்கினாராம்.
கட்டிலில் ஆள் இல்லை.
கை கழுவும் தொட்டியருகே குனிந்திருந்தார்,
நர்ஸ் திட்டிக்கொண்டிருந்தாள்.
எட்டு மாதமாய்ச் சொட்டிய குழாயைக் கழற்றி,
குர்லா மாலையைப் பிரித்து, அந்த நூலை
மரையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.
"நல்ல நூலு, வீணாக்கக் கூடாது."

சொட்டு நின்றது.
பிரஷ்ஷின் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை.