தொட்டி காலி

கில்தானியில் எட்டாவது மாடி எங்களுடையது.
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்டில்
என் காசில் ஏறி வந்தது அந்தப் பெட்டி.
ரோட்டர்டாமிலிருந்து மகன் அனுப்பியது.
வட்டம். கறுப்பு.
ஹாச்சாபூரி சுடுகிற தட்டைவிடக் கொஞ்சம் பெரியது.

"இனி நீ குனியவே வேண்டாம், அம்மா"
என்றான் திரையில்.
குனிந்துதான் பிரித்தேன்.

முதல் வாரம் முழுக்க வீட்டைப் படித்தது.
கட்டில் கால், மேசைக் கால், மல்காஸின் கால்,
மூன்றையும் ஒரே மரியாதையோடு
முட்டாமல் சுற்றிப்போனது.
நகராத பொருட்கள் என்று
வரைபடத்தில் சாம்பல் நிறம் பூசிவைத்தது.

பொய் சொல்லமாட்டேன்.
சோபாவுக்கு அடியில் கிடந்த வாதுமை ஓடுகள்,
பூனை செத்து இரண்டு வருஷமாகியும்
போகாத பூனை முடி,
எல்லாவற்றையும் தின்றது.
மருந்துக்கடையில் பத்து மணி நேரம் நின்று வந்த
என் முழங்கால்கள் இரண்டும்
அதற்குக் கடன்பட்டிருக்கின்றன.
முதல்முறை நாற்பது நிமிடம் கையில் மிஞ்சியபோது
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பால்கனியில் நின்றேன்.
எதிர்க் கட்டடத்துக்கு இழுத்த கயிற்றில்
யாருடைய போர்வையோ காற்றில் உப்பிக்கொண்டிருந்தது.
சும்மா பார்த்தேன்.
சும்மா.

குப்பை வழிகிறது, மல்காஸ்.
ம்.
துணி ஊறிக்கொண்டே கிடக்கிறது, மல்காஸ்.
ம்.
இருபத்தாறு வருஷத்து 'ம்'களைச் சேர்த்திருந்தால்
ஒரு சாக்கு நிறைந்திருக்கும்.
அதையும் நானேதான்
எட்டு மாடி இறக்கியிருப்பேன்.

மகன் என்ன நினைத்தானோ,
செயலியை அப்பாவின் போனில் போட்டுவிட்டான்.
ஒரு செவ்வாய்க்கிழமை
டிங் என்றது.
"தூசிப்பெட்டி நிறைந்துவிட்டது.
காலி செய்யவும்."

எழுந்தார்.

நான் உருளைக்கிழங்கும் கத்தியுமாக
அப்படியே நின்றுவிட்டேன்.
டிங். "சலவை முடிந்தது. துணியை எடுக்கவும்."
எடுத்தார்.
டிங். "தண்ணீர்த் தொட்டி காலி. நிரப்பவும்."
நிரப்பினார், ஒரு சொட்டு சிந்தாமல்.

அதற்கு எங்கள் ஜார்ஜிய மொழி வராது.
ரஷ்ய மொழியில் பேசுகிறது.
அவர் அதைப் பட்டாளத்தில் கற்றவர்,
கட்டளையாகவே காதில் வாங்கியவர்.
நான்தான் இத்தனை காலமும்
தவறான மொழியில் கேட்டிருக்கிறேன்.

கீழ்வீட்டு சியூரி பார்க்க வந்தாள்.
அடுக்களையில் மல்காஸ் வடிகட்டியைக் கழுவுவதைக்
கதவோரம் நின்று பார்த்தாள்.
"என்ன விலை?" என்றாள்.
எதைக் கேட்டாள் என்று
நானும் கேட்கவில்லை.

சிரிப்பு இரண்டு மாதம் தாங்கியது.
பிறகொரு ராத்திரி
தூக்கம் வராமல் படுத்திருந்தேன்.
கூடத்தில் அது தானே தன் இடம் போய்
பச்சை விளக்குப் போட்டுக்கொண்டு
மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது.
பசித்தால் சொல்கிறது.
நிறைந்தால் சொல்கிறது.
சக்கரத்தில் ஒரு நூல் சிக்கினாலும்
நடுக்கூடத்தில் நின்று உதவி கேட்கிறது,
வெட்கமே இல்லாமல்.

காலையில் அவர் குளிக்கப்போன நேரம்
ஜன்னலோரப் பெட்டிக்குள் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன்,
இன்னொருவர் போனுக்கு
நினைவூட்டல் வைப்பது எப்படி?
படிப்படியாகச் சொன்னாள்.
உனக்கெதற்கு என்று கேட்கவில்லை.

மாலை ஏழு மணி.
டிங்.
மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
உதடசைத்துப் படித்தார்:
"ஏத்தெரி. தொட்டி காலி."

இரண்டாம் முறையும் படித்தார்.
எழுந்து அடுக்களைக்குப் போய்
கூஜாவில் தண்ணீர் பிடித்துவந்தார்.
கூடத்து மூலையில் மண்டியிட்டு
அந்தக் கறுப்பு வட்டத்தின் மூடியைத் திறந்தார்.
உள்ளே தளும்பத் தளும்பத் தண்ணீர்.

மூடியைப் பிடித்தபடியே
என் பக்கம் திரும்பினார்.

அது இல்லை, மல்காஸ்,
என்றேன்.