ஆறுக்கு ஏழு

முதலில் கிரஸிடாவை அளந்தேன்.
மூக்கிலிருந்து வால்வரை நாலு மீட்டர் எழுபது.
கதவைத் திறந்து இறங்க
என் இடுப்புக்கு எண்பது சென்டிமீட்டர்,
தனபாக்கியத்தின் இடுப்புக்கு ஒரு மீட்டர்.
அவளிடம் சொல்லவில்லை.

டோங்காட்டில் கரும்பு கொளுத்தும் மாதங்களில்
வானம் கறுப்பு நூலாகப் பிரிந்து விழும்.
துடைத்தால் கீறல்,
துடைக்காவிட்டால் கறை.
இருபத்திரண்டு வருடம்
பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுமந்த வண்டி,
பின் இருக்கையில் இன்னும் வினிகர் வாசம்.
அதற்கு ஒரு கூரை, அவ்வளவுதான்
என்று தொடங்கினேன்.

பிறகு மேசை வந்தது.
துனி ஆட நாலு பேர், நாலு நாற்காலி,
எழுந்து நின்று சண்டை போட
பின்னால் அரை மீட்டர்.
எங்கள் ஆட்டத்தில் ராஜாவுக்கு மதிப்பு மூன்றே மூன்று,
ஜாக்குக்கு முப்பது.
அதற்கு நாங்கள் போடும் சத்தம்
வரவேற்பறைக்கு ஆகாது.

மேசைக்கு விளக்கு.
மின்சாரம் போகும் இரவுக்கு பாட்டரி,
பாட்டரிக்கு ஒரு பலகை,
தேநீருக்கு ஒரு குழாய்.
குழாய் என்றதும் ஜோபர்க்கிலிருந்து மகன்:
"கக்கூஸும் போட்டுடும்மா,
மாசம் நாலாயிரம் ராண்டுக்கு வாடகைக்கு விடலாம்."
தெரு முழுக்க அப்படித்தான்.
காருக்கென்று எழுந்த அறைகளில்
யாரோ குடித்தனம் செய்கிறார்கள்,
கார்கள் தெருவில் நனைகின்றன.
நான் குழாயை மட்டும் வரைந்தேன்.

படம் போடும் நெல்லன் பென்சிலை நிறுத்தினான்.
இந்த மூலைக்கு என்ன பெயர், ஆன்ட்டி?
நகராட்சிக்குத் தெரிந்தது
வீடு, கராஜ், சாமான் அறை.
சும்மா இருக்க ஓர் இடம்
அவர்கள் பட்டியலில் இல்லை.
சாமான் அறை என்றே போடு, என்றேன்.
சலோஷினி இதைக் கேட்டு
ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

சுவரோடு ஒட்டிக் கட்ட
பக்கத்து வீட்டுக் கையெழுத்து வேண்டும்.
பக்கத்து வீட்டில் மகாலிங்கம் படையாச்சி.
ஈஸ்டர் அம்மன் பூசைக்கு நேர்ந்துவிட்ட சேவலை
அவர் நாய் தின்ற வருடம்
எங்கள் பேச்சு நின்றது.
படத்தைச் சுவர்மேல் விரித்தேன்.
தலைகீழாகவே பார்த்தார்.
"பேப்பர் எனக்குப் புரியாது. தரையில போட்டுக் காட்டு."

மூன்று கிலோ சுண்ணாம்பு.
நூல் பிடித்து, ஆணி அடித்து,
ஆறுக்கு ஏழு.
சுவருக்கு மேலே தலை தெரிந்தது:
"கோலமா?"
"கட்டடம்."

சாயங்காலம் நால்வரும் கூடினோம்.
சலோஷினியும் நவமணியும்
இல்லாத கதவு வழியாக வந்தார்கள்.
தனபாக்கியம் சுவரை மிதித்து வந்தாள்.
"கதவு யாருக்கு வச்சது, பூனைக்கா?"
காரை உள்ளே ஏற்றினேன்.
மேசையைப் போட்டேன்.
நாலாவது நாற்காலி
கோட்டுக்கு வெளியே போய் நின்றது,
கொய்யா மரத்தடியில்.

அப்போது மலைச்சரிவில் தீ வைத்தார்கள்.
காற்று எங்கள் பக்கம்.
சீட்டைப் பொறுக்கிக்கொண்டு
நால்வரும் காருக்குள் ஏறினோம்.
ஹேண்ட்பிரேக் மேல் ஒரு தட்டு, அதில் ஆட்டம்.
முன்னால் இருப்பவர்கள் கழுத்தைத் திருகவேண்டும்,
பின்னால் இருப்பவர்களுக்கு எல்லார் கையும் தெரியும்.
நவமணி துணிந்து துனி சொன்னாள்,
மூன்றாம் கையிலேயே தோற்றாள்.
கண்ணாடியெல்லாம் மூச்சில் மூடிக்கொண்டது.
மேசையை யாரும் உள்ளே எடுக்கவில்லை.

காலையில் காரைப் பின்னால் எடுத்தேன்.
சுண்ணாம்புக் கோடு எங்கும் இல்லை,
எல்லாம் கறுப்பு.
நடுவில் மட்டும் சுத்தமாக ஒரு நீள்சதுரம்,
நாலு எழுபதுக்கு ஒன்று எழுபது.
படம் இன்னும் சுவர்மேல், செங்கல்லுக்கு அடியில்.
கையெழுத்து இருக்கிறதா என்று
போய்ப் பார்க்கவில்லை.
படையாச்சியின் நாய்
சுவரைத் தாண்டிக் குதித்து வந்து,
முகர்ந்து,
இரண்டு சுற்றுச் சுற்றி,
அந்த நீள்சதுரத்தில் படுத்துக்கொண்டது.