பத்து மணிக்கு அறுபடுவது

லண்டன்காரர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்,
'இந்த மாதக் கணக்கில்' என்ற இடத்தில்.
அதற்கு மேல் அவருக்கு உதடு இல்லை, எனக்குச் செவி இல்லை.
திரையின் நடுவில் ஒரு வட்டம்
தன் வாலைத் தானே துரத்துகிறது.

புங்கோல், பதினான்காம் மாடி,
இரவு பத்து ஏழு.

கணினியிடமே கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு
கோளாறு எதுவும் இல்லை என்றது.
பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணிச் செருகினேன்.
தமயந்தியின் சேலை ஊக்கை வாங்கி
ரூட்டரின் முதுகுத் துளையில் குத்தினேன்.
ஆறாம் அலைவரிசையிலிருந்து பதினொன்றுக்குக் குடிமாறினேன்.
அங்கே ஏற்கெனவே புளோக்கே குடியிருந்தது:
டான் குடும்பம், 'என் வைஃபையைத் திருடாதே',
மூன்றாம் வீட்டு நூர், பெயர் வைக்காத எண்கள் சில,
லிஃப்டில் தலையசைப்போடு நிறுத்திக்கொள்கிற அத்தனை பேரும்
சுவர் தாண்டி வந்து என் பட்டியலில் நின்றார்கள்.

நிறுவனத்திலிருந்து ஃபைருஸ் வந்தார். காலை பதினொரு மணி.
நான்கு கோடும் நிமிர்ந்து நின்று வணக்கம் வைத்தன.
'எல்லாம் ஓகே, பாஸ்.'
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
பல் மருத்துவர் வீட்டு வாசலில்
வலி செருப்போடு வெளியிலேயே நின்றுகொள்ளுமே, அப்படி.

பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டேன்.
திங்கள் 10.04.
செவ்வாய் 10.10.
புதன் 9.58, மழை.
வியாழன் 10.06, மழை இல்லை.
மழையை அடித்தேன்.
எதிர்வீட்டு மைக்ரோவேவை ஒரு வாரம் சந்தேகப்பட்டேன், பாவம்.
வெள்ளிக்கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல்.
வார்த்தினி அவன் கட்டிலருகே
ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தாள்.
வெள்ளி 1.02.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு வாங்கியபோது ஒப்பந்தக்காரர் சொன்னார்:
கூடத்தில் வயர் தொங்கினால் அழகு போய்விடும்,
எல்லாவற்றையும் பாம் ஷெல்டருக்குள் தள்ளிவிடலாம்.
தள்ளினோம். ரூட்டர், பழைய மின்விசிறி, சூட்கேஸ்கள்,
அப்புறம் ஒரு மெத்தை,
சிலாசாப்பிலிருந்து வந்த வார்த்தினி.
குண்டு விழுந்தாலும் தாங்குகிற சுவர். இரும்புக் கதவு.
பகலெல்லாம் திறந்தே கிடக்கும்.
பத்து மணிக்கு அவள் அதைச் சாத்துகிறாள்.

'கொஞ்சம் திறந்து வெச்சுக்கச் சொல்லுங்களேன்,' என்றாள் தமயந்தி.
ஒரு சாண் போதும். நியாயம்தான்.
தட்டப் போனேன். கதவுக்கு ஒரு விரற்கடை முன்னால்
கை நின்றுவிட்டது.
இந்த வீட்டில் அவள் சாத்திக்கொள்ள
வேறு கதவு எது என்று எண்ணிப் பார்த்தேன்.
கழிவறையைச் சேர்த்தும் ஒன்றரைக்கு மேல் வரவில்லை.

சனிக்கிழமை ரூட்டரை வெளியே இழுத்து
டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அழகு போயிற்று. லண்டன்காரர் கணக்கை முடித்தார்:
கெட்ட செய்திதான், ஆனால் முழுதாக வந்து சேர்ந்தது.

மூன்றாம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால்
இரும்புக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது.
இடுக்கில் ஒரு முழங்கால். வெளியே நீட்டிய கையில் போன்.
போனில் ஒரு பையன்,
முன்பல் இல்லாத வாயைத் திறந்தபடி
உறைந்து நிற்கிறான்.
'மாஃப், பாக்,' என்று எழப் பார்த்தாள்.
மன்னிப்புக் கேட்டது அவள்.

மறுநாள் சிம் லிம் சதுக்கம்.
இன்னொரு ரூட்டர், நாற்பத்திரண்டு வெள்ளி,
கதவிடுக்கில் நசுங்காத தட்டைக் கேபிள்.
எத்தனை அறை வீடு என்றார் கடைக்காரர்.
நான்கறை என்றேன்.
பணம் கொடுத்த பிறகு, ஐந்து என்றேன்.
அவர் நிமிரவில்லை, பில் போட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டில் கடைசி வரி:
புதன் 10.09. கதவு சாத்தியாயிற்று. அறுபடவில்லை.
உள்ளே எத்தனை கோடு என்று தெரியாது.
அது இரும்புக் கதவு.