பதினெட்டால் பெருக்கு

இரவு இரண்டேகாலுக்கு ஓல்டனில் விழித்திருப்பவை:
சரக்கு ரயில்கள், ஆரே ஆறு,
எங்கள் பேக்கரி அடுப்பு,
நான்.

சனி இரவென்றால் சடைப் பாண்.
இரண்டு கயிறு மாவை நாலு முனையாக்கி
மேலும் கீழும் மாற்றிப் பின்ன வேண்டும்.
இன்றைக்கு முந்நூற்றிருபது சடை,
பெண் பிள்ளை இல்லாத வீட்டுக்காரன் நான்.
முட்டை மஞ்சள் பூசி உள்ளே தள்ளினால்
நாற்பது நிமிடத்தில் தெருவுக்கே பசிக்கும்.
எனக்கு மட்டும்
டப்பாவில் இரண்டு அவித்த முட்டை,
கோவா வறை,
உப்புக் கச்சான் ஒரு பிடி.

சீனி வருத்தம் என்று தெரிந்த வருடம்
ரேட்டோ கேட்டான்:
மா பிசைகிறவனுக்கு மா ஆகாதா?
சவப்பெட்டி செய்கிறவன் அதில் படுக்கிறானா என்றேன்.
என் ஜெர்மனில் அது பகிடியாக வரவில்லை.

ஒருநாள் ஆப்பிள் கேக்குக்குப் பாகு தடவிய கையோடு
விரலைக் குத்திப் பார்த்தேன்.
கருவி இருபத்திரண்டு என்றது.
ஆஸ்பத்திரிக்கு ஓடச் சப்பாத்துக் கட்டும்போது
தெஸ்பாய் சொன்னான், கையைக் கழுவு.
கழுவினேன். ஏழு தசம் நாலு.
மிச்சப் பதினைந்தும் ரத்தத்தில் இல்லை,
நகக்கண்ணில் இருந்தது.

ஞாயிறு மத்தியானம்
ஸ்டுட்கார்ட்டிலிருந்து தவமலர் அக்கா எடுப்பாள்.
"எவ்வளவு?"
வணக்கத்துக்குப் பதில் அதுதான்.
அங்கே நூறுகளில் எண்ணுகிறார்கள், இங்கே ஒற்றை எண்ணில்.
அவளுக்கு நூற்றறுபத்திரண்டு, எனக்கு ஒன்பது.
பதினெட்டால் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான்.
அத்தான் நம்புவதில்லை:
"அவனுக்கு ஒன்பதுதானே, நீயும் சுவிசுக்குப் போ."

பூக்கோவாவைத் துருவி ஆவியில் வைத்தால்
சோறு போல இருக்கும் என்றாள்.
போல இருந்தது.
மீன் குழம்பை ஊற்றியதும்
குழம்புக்குத் தெரிந்துவிட்டது.
ஆனாலும் ஆறு கிழமை தின்றேன்.
உருளைக்கிழங்கை விட்டேன், பருப்பை அளந்தேன்,
வெந்ததா என்று பார்க்க வாயில் போடும்
அந்தப் பாண் ஓரத்தைக்கூட விட்டேன்.
மாச்சத்தை அரைவாசி குறை என்றார் டாக்டர் எக்லி.
நான் அநேகமாக முழுவதும் குறைத்தேன்.
குளிசையை மட்டும் குறைக்கவில்லை.
கேட்காமல் குறைக்கக் கூடாது,
கேட்கப் போகவும் இல்லை.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, அதிகாலை நாலு ஐம்பது.
சடையின் நாலாவது முனையைக் காணவில்லை.
மேலா, கீழா?
நெற்றியில் வேர்வை, அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.
விரல்கள் யாருடையவோ போல ஆடின.
தெஸ்பாய் ஒன்றும் கேட்கவில்லை.
இந்தமுறை அவனே என் கையைக் கழுவித்
துடைத்துக் குத்தினான்.
மூன்று தசம் ஒன்று.
சீனி வாளிக்குள் கோப்பையை விட்டு
அள்ளித் தண்ணீரில் கலக்கி, குடி என்றான்.
இருபத்தாறு வருடம்
அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.
அன்றுதான் அது எனக்கென்று இனித்தது.
கால் மணி நேரம் மா மூட்டைமேல் இருத்திவைத்தான்.
திரும்பக் குத்தி எண்ணைப் பார்த்த பிறகு
ஒரு துண்டு சடைப் பாண், வெண்ணெயோடு.
அந்த வாசனைக்கு ருசி உண்டென்பதே
மறந்திருந்தேன்.

திங்கட்கிழமை குளிசை பாதியானது.
பூக்கோவாவுக்குப் பக்கத்தில்
ஒரு கைப்பிடிச் சோற்றுக்கும் இடம் வந்தது.
டாக்டர் எக்லி மெதுவாக ஏதோ சொன்னார்.
அது ஏச்சு என்று விளங்க எனக்கு
ஒரு நாள் எடுத்தது.

அடுத்த ஞாயிறு அக்கா கேட்டாள், எவ்வளவு?
அந்த மூன்றைச் சொல்லவில்லை.
பெருக்கிப் பார்த்துவிட்டு அழுவாள்.
இன்றையதைச் சொன்னேன்: ஆறு.
மறுமுனையில் வாய்ப்பாடு முணுமுணுத்தது.
"நூற்றெட்டா!" என்றாள்,
அர்ச்சனை முடித்தவள் போல.

பிறகு ஒரு சந்தேகம்:
"கையைக் கழுவினாயா?"