நடவடிக்கைக் குறிப்பு, ஜனவரி

வருகை: பதினான்கு பேர்.
கோரம்: பதினைந்து.
பௌலிங் கூடத்தின் கீழ்த்தளம். தலைக்குமேல்
யாரோ உருட்டும் பந்து, பிறகு கட்டைகள் சரியும் ஓசை.
கழிப்பறை தேடி இறங்கி வந்த ஒருவரை நிறுத்தி
ஆர்லின் ஸ்வோபோடா பெயர் எழுதிக்கொண்டாள்.
எங்கள் கட்சிக்கு அட்டை இல்லை, சந்தா இல்லை.
சேர்ந்தேன் என்றால் சேர்ந்ததுதான்.
பதினைந்து.

தேர்தலில் தோற்று எழுபத்தோரு நாள்.
பொருள் ஒன்று: மருத்துவமனையின் பிரசவ வார்டு.
மார்ச்சில் மூடுகிறார்கள். அதன்பின் வலி எடுத்தால்
பனிச்சாலையில் எழுபது மைல்.
எதிர்க்கிறோமா?
எல்லாக் கைகளும் உயர்ந்தன.
கழிப்பறைக்கு வந்தவரும் தூக்கினார்.
இதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் வரியில் எதை வைப்பது என்றுதான் தொடங்கியது.
பால்பண்ணை ஆரின் ஹாகன் சொன்னார்:
'வரி' என்ற சொல் வேண்டாம்,
எங்கள் சாலையில் அதைக் கேட்டால் நாயை அவிழ்த்துவிடுவார்கள்.
நர்ஸ் யெசேனியா: சங்கத்தின் பெயர் இல்லாத தாளில்
என் கையெழுத்து இல்லை.
டெவின் ப்ரூட், கல்லூரி மாணவன், எழுந்து நின்றான்:
மூடுவதை மட்டும் திட்டிப் பயனில்லை,
விற்க வழிசெய்த சட்டத்தைத் திட்டுங்கள்.
அதற்கு ஓட்டளித்தவர்களில் நம் செனட்டரும் உண்டு.

மேலே எல்லாம் விழுந்து முடிந்த பிறகு
ஒரு கட்டை மட்டும் தனியாக, தாமதமாக விழுந்தது.

செனட்டருக்கு எழுதியிருந்தோம்.
அடுத்த ஆண்டு உட்கட்சித் தேர்தல், இப்போது வாய் திறப்பதற்கில்லை
என்பதை மூன்று பக்கத்தில் சொல்லியிருந்தார்.
மாநிலக் கட்சியைக் கேட்டோம்:
வாஷிங்டன் வேறு, நாங்கள் வேறு.
வாஷிங்டனைக் கேட்டோம்:
பதிவுசெய்த குரல் ஒன்று மிக அன்பாக நன்றி சொல்லி
முப்பத்தைந்து டாலர் கேட்டது.

ஆர்லினின் மருமகள் டொரண்டோக்காரி.
அங்கே தோற்ற கட்சிக்கும் ஒரு தலைவர் உண்டாம்,
எழுந்து கேள்வி கேட்பதற்கே சம்பளமாம்,
நிழலில்கூட ஒரு சுகாதார அமைச்சர் இருப்பாராம்.
'நமக்கு யார்?' என்றாள் ஆர்லின்.
ஆளுக்கொரு பெயர் சொன்னோம். மொத்தம் ஐந்து.
அதில் ஒருவர் இறந்து இரண்டு வருஷம்.

நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்தது என்று சொல்லிவிடலாம்,
மூட்டை என்று ஒன்றைக் கட்டியிருந்தால்.
அவரவர் வேலியில், அவரவர் பணத்தில் காய்த்தவர்கள்;
தேர்தலன்று மட்டும் எல்லோருக்கும் ஒரே சாயம்.
ஒரு கை ஓங்கிவிடக் கூடாதென்று பயந்தவர்கள்
எழுதிய சட்டம் இது.
ஓங்கும் கையைப் பிடிக்க வேண்டிய கையையும்
விரல் விரலாகப் பிரித்து
ஐம்பது உறைகளில் போட்டுவிட்டார்கள்.

(இது குறிப்பில் சேராது.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
கையெழுத்து நன்றாக இருப்பதால் செயலாளர்.)

ஒன்பதரைக்குக் 'கண்டிக்கிறோம்' போய்
'கவலை கொள்கிறோம்' வந்தது.
எட்டுக்கு ஏழில் அதுவும் தோற்றது.
கூட்டத்தை முடிக்கலாமா என்றார் ஆரின்.
ஏகமனதாக நிறைவேறியது.

என் மகளுக்கு ஏப்ரல் பத்தொன்பது என்று நாள் சொல்லியிருக்கிறார்கள்.
அதையும் நான் எழுதவில்லை.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடித்தேன்.
லூத்தரன் கோயிலிலிருந்து ஆறு,
பள்ளியிலிருந்து ஐந்து,
மீதி நான்கு சவ அடக்க நிலையத்தில் இரவல்.
ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் உட்காரவில்லை,
கால்களின் அகலம் வேறு.
மூன்று சுவர்களில் சாய்த்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.
படியேறும்போது பின்னால்
ஏதோ ஒன்று சரியும் சத்தம்.
திரும்பிப் பார்க்கவில்லை,
காலையில் ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேண்டும்.