பதினாறு மீட்டர் பிழை

நாடு முழுக்கக் காட்டுப் பழச்செடிகளுக்குப்
புள்ளி வைக்கிறோம்.
மற்றவர்களுக்கு மலை கொடுத்தார்கள்.
எனக்கு வந்தது சென்னை.

ஜூன். காலை ஏழரைக்கே
வேளச்சேரி ரயில் பாலத்தடியில்
தூண் கொதிக்கிறது.
படிவம் கேட்கிறது: நிலத்தின் தன்மை?
காடு, புதர், மேய்ச்சல், தோப்பு.
நாலில் ஒன்றைத்தான் தொட முடியும்.
உடைந்த சிங்க்,
ஒற்றைக் குழந்தை ஷூ,
மெட்ரோ தோண்டிப் போட்ட களிமண்,
நடுவில் ஒரு பூலாஞ்செடி
கறுத்த மணிகளோடு நிற்கும் இடத்துக்கு
என்ன பெயர்?
'புதர்' தொட்டேன்.

முதல் மாதம் கழித்துத்தான் பிடிபட்டது:
செடியைத் தேடக் கூடாது,
கம்பியைத் தேட வேண்டும்.
கொண்டைக்குருவி மின்கம்பியில் உட்காரும்,
தின்றதைக் கழிக்கும்,
நேர்கீழே சூரை முளைக்கும்.
கம்பி திரும்பும் இடத்தில்
சூரையும் திரும்பும்.

மிச்சமெல்லாம் மதிலுக்குள்.
ராணுவ மதில், ரேஸ்கோர்ஸ் மதில், கல்லறை மதில்.
நுழையாதே என்று எழுதிய இடமெல்லாம்
காரை, கொஞ்சி, காயா.
வரைபடத்தை எட்ட வைத்துப் பார்த்தால்
எங்களை எங்கெங்கே விடமாட்டார்கள்
என்பதுதான் தெரிகிறது.

பரங்கிமலைக்கும் பழவந்தாங்கலுக்கும் இடையில்
மதில் இல்லாத களா ஒன்று இருக்கிறது.
காட்டியது அமலோற்பவம்,
தண்டவாளம் பார்க்கும் கேங்கில் வேலை.
சுத்தியல் காம்பால் முள்ளை விலக்கி
ஒரு கை பறித்துத் தந்தார்.
முதலில் பால் உதட்டில் ஒட்டியது,
அப்புறம் புளிப்பு,
அதற்கும் பின்னால், லேட்டாக வந்த பாசஞ்சர் போல,
ஒரு இனிப்பு.

"இது எங்க போகுது?"
போனைப் பார்த்துக் கேட்டார்.
"டில்லிக்கு. யார் வேணும்னாலும் பாக்கலாம்."
"யார் வேணும்னாலும்?"
மின்ரயில் வந்தது.
பன்னிரண்டு பெட்டியும் கடக்கும் வரை
இருவரும் பேசவில்லை.
"அந்தாண்ட ஒண்ணு இருந்துச்சு.
போட்டோ எடுத்துக்கினு போனாங்க.
அடுத்த வாரம் ஜேசிபி."
போட்டோவுக்கும் ஜேசிபிக்கும் சம்பந்தம் உண்டா,
அவருக்கும் தெரியாது.
என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை.
சிவப்புக் கொடியைச் சுருட்டிக்கொண்டு
பல்லாவரம் பக்கமாக நடந்தார்.

போன் சொன்னது: பிழை, பதினாறு மீட்டர்.
இந்த ஊரில் பதினாறு மீட்டர் சின்னத் தூரமில்லை.
அதற்குள் ஒரு டீக்கடை, ஒரு அம்மன் கோயில்,
மூன்று குடும்பம் இருக்கலாம்.
விரலால் புள்ளியை நகர்த்தினேன்.
இன்னும் கொஞ்சம்.
சாலை தாண்டி, காம்பவுண்டு தாண்டி
ஏதோ அடுக்ககத்தின் நீச்சல்குளத்தில் போய் விழுந்தது.
அப்படியே அனுப்பினேன்.

சரிபார்ப்பவர் எழுதியிருக்கிறார்:
'இச்செடி நீரில் வளருமா? விளக்கம் தேவை.'
பதில் கட்டம் இருநூறு எழுத்து கொள்ளும்.
நகக்கண்ணில் இன்னும் ஊதா.
'கள ஆய்வில் கண்டது' என்று அடித்தேன்.
போன் அதைக் 'களா ஆய்வில்' ஆக்கியது.
திருத்தவில்லை.